இரண்டு தட்டுவடைக்கு நடுவே

ஐந்து ரோட்டில் செல்போன் கடைக்கு மேல்மாடி.
ஏசி ஓடாது. ஜன்னலைத் திறந்தால்
சேர்வராயன் மலையில் பாதியும்
ஒரு நகைக்கடை போர்டும் தெரியும்.
ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் பதினொரு பேர்
கனடாவுக்காகப் பிரெஞ்சு படிக்கிறோம்.
பாதிப்பேர் நர்ஸ்கள்.
நான் சவ்வரிசி ஆலை ஆய்வுக்கூடத்தில்
ஈரப்பதம், வெண்மை, கூழின் கெட்டி பார்ப்பவள்.
வயது நாற்பத்தொன்று.

இன்று எதிர்மறை.
முன்னால் ஒரு நெ, பின்னால் ஒரு பா,
வினைச்சொல் நடுவில் நிற்கட்டும் என்கிறாள்
காரைக்காலிலிருந்து வந்த மர்தீன்.
ழெ நெ வியான் பா: நான் வரவில்லை.
ழெ நெ மான்ழ் பா: நான் சாப்பிடவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து தண்டபாணி,
ஸ்டீல் பிளான்ட்டில் கிரேன் ஓட்டுகிறவர்,
“தட்டுவடை செட்டுங்க இது.
கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, நடுவுல பீட்ரூட் துருவல்” என்றார்.
அதன்பின் யாருக்கும் விதி மறக்கவில்லை.

ஆனால் பேச்சில் நெ-யை விட்டுவிடுவார்களாம்.
மேல்வடையைக் கடித்துக்கொண்டே
மிச்சத்தை நீட்டுவதுபோல: ழ்வியான் பா.
மறுக்கவென்றே இருந்த சொல் முதலில் நழுவிவிடுகிறது.
துணைக்கு வந்த பா-வுக்கோ முன்பு
காலடி என்றுதான் பொருள்;
ஓர் அடிகூட எடுத்து வைக்கமாட்டேன் என்பதில்
அந்த ஓர் அடி.
இப்போது மொத்த மறுப்பையும் அதுதான் சுமக்கிறது.

எனக்கு அந்தப் பா புதிதல்ல.
விசேஷம் ஏதும் உண்டா?
இல்லப்பா.
டாக்டரம்மா என்ன சொன்னாங்க?
ஒண்ணும் சொல்லலப்பா.

நம் மொழியில் மறுப்பு வெளியே வேலியாக நிற்பதில்லை.
வராது, தங்காது, ஒட்டாது.
தோலில் ஒரு கீறலும் இல்லாத மல்கோவாவை அறுத்தால்
கொட்டைக்குள் வண்டு இருக்குமே, அப்படி.
அதிலும் வாரேன் என்றொரு சொல்.
வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னால்
வருகிறேன்.
பழைய ஏட்டில் படித்தால்
வரமாட்டேன்.
எழுத்து ஒன்றுதான்.

பதினொன்றரைக்கு மேல் இன்னொரு விதி.
“என்னிடம் ஒரு கார் இருக்கிறது” என்பதில் இருக்கும் ஒரு,
இல்லை என்று சொன்னதும் உதிர்ந்துவிட வேண்டும்.
தனியாக ஒரு த் மட்டும் மிஞ்சும்.
ஏன் என்று நர்ஸ் ஷெர்லின் கேட்டாள்.
“இல்லாததை எப்படிக்கா எண்ண முடியும்?”
என்று சிரித்தாள் மர்தீன்.

முடியும்.
மூன்று.

பிறகு நேர்முகப் பயிற்சி, இரண்டிரண்டு பேராக.
எனக்கு வாய்த்தவர் தண்டபாணி.
தாளைப் பார்த்துக் கேட்டார்: பிள்ளைகள் உண்டா?
ழெ நே பா தான்ஃபான்.
அவர் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
“ஆன்கோர் சேர்த்துக்குங்க மேடம்,
இன்னும் இல்லைன்னு வரும்” என்றார்,
தன் தட்டிலிருந்து எடுத்து வைப்பதுபோல.
அவர் நல்லவர். அதனால்தான் கோபம் வந்தது.
பக்கத்தைப் புரட்டினேன்.
இன்னும் இல்லை, ஒருபோதும் இல்லை,
இனி இல்லை.
கடைசிச் சொல் ப்ளு.
கடைசியில் ஸ் ஒலித்தால் அதே எழுத்துகள்
இன்னும் வேண்டும் என்று ஆகிவிடுமாம்.

நான் எதையும் சேர்க்கவில்லை.
வெறும் பா போதும் என்றேன்.
சரிங்க என்று எழுதிக்கொண்டார்.

ஒரு மணிக்குக் கீழே இறங்கினால் வண்டிக்கடை.
ஆளுக்கொரு செட் அவர் காசில்.
பச்சைச் சட்னியைத் தடவிக்கொண்டே கடைக்காரர்
காரம் போதுமாங்க என்றார்.

“ப்ளுஸ்” என்றேன்,
ஸ் நன்றாகக் கேட்கும்படி.

அவருக்கு என்ன புரிந்ததோ,
இன்னொரு கரண்டி ஊற்றினார்.
தண்டபாணிக்குப் புரையேறியது.