மெய்ம்மறை

பதினான்கு கிலோ எழுநூறு கிராம்.
வலங்கைமான் கடைத்தெருவில்
வெங்காயம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம்.
பழைய லாரிப் பட்டைகளை நறுக்கி, காய்ச்சி, தட்டி
ஜபருல்லா தன் லேத் பட்டறையில்
நாலு மாதம் ஞாயிறு தவறாமல் செய்த மார்புக் கவசம்.
மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தேன்.
உரக்கடைக் கணக்கன் போய்
ஒரு சேனாபதி நின்றான், மூக்குக் கண்ணாடியோடு.

சித்திரை. குடமுருட்டியில் மணல்தான் ஓடுகிறது.
மேட்டூர் திறக்க இன்னும் ஐம்பது நாள்.
பதினோராவது நிமிடம் முட்டி மடங்கியது.
எதிரே மூங்கில் கழியோடு நின்ற மாசிலாமணி
அதுவரை கையே ஓங்கவில்லை.
மாடு மேய்த்த பையன் ஓடிவந்து
பாட்டில் தண்ணீரைக் கவசத்தின்மேல் கவிழ்த்தான்.
சுர்ரென்றது.

அன்றைக்குத்தான் அமலோற்பவி கேட்டாள்:
"இதைப் போட்டிருந்தாங்கன்னு எங்க இருக்கு?"
பல் மருத்துவர்.
எக்ஸ்ரே பார்க்காமல் ஒரு பல்லையும் பிடுங்காதவள்.
நான் ஒரு பழஞ்சொல்லைக் காட்டினேன்: மெய்ம்மறை.
"அது நம்ம ஆளுங்களுக்கு ஆயிரம் வருசம் முந்தி.
வேற ராஜா, வேற சண்டை."

ஆகவே போனோம்.
வயல் நடுவே, பலகை இல்லாத கோயில்.
குருக்கள் சாவியைக் கொடுத்துவிட்டு
மொபெட்டில் போய்விட்டார்.
அடித்தளத்தில் சாண் உயரத்தில் எட்டு வீரர்கள்.
மாசிலாமணி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தான்;
சாய்ந்த வெளிச்சத்தில்தான் தேய்ந்த கோடு எழும்பும்.
பல் அளக்கும் கவராயத்தால்
அவள் கேடயத்தின் விட்டத்தை அளந்தாள்.
கச்சை உண்டு. இடுப்பில் குறுவாள் உண்டு.
கேடய விளிம்பில் தோல் தைத்த புள்ளிகள்கூட உண்டு, ஒன்பது.
மார்பில்?
வார் இல்லை. கொக்கி இல்லை. விளிம்பு இல்லை.
கச்சைக்கு மேலே லேசாய்ப் பிதுங்கிய வயிறு,
அதில் உளியின் ஒற்றைக் குத்து:
தொப்புள்.
எந்த இரும்பும் தொப்புளைக் காட்டாது.

நோட்டில் எழுதினாள்: மார்பு வெற்று.
பேனாவால். பென்சிலால் அல்ல.

அடுத்த ஞாயிறு
அவள் நேரம் குறிக்கக் கரையில் உட்கார்ந்தாள்.
ஆண்கள் மூவரில் இருவர் சட்டையைக் கழற்றினார்கள்.
நான் செருப்பு வாரைச் சரிசெய்தேன்.
போனை எடுத்துப் பார்த்தேன்.
மூன்று வருடமாய்
குளியலறைத் தாழ்ப்பாளுக்கு உள்ளேயே வைத்திருந்த உடம்பு.
அந்தக் கவசம் எனக்கு எதற்கென்று
எனக்கே அப்போதுதான் பிடிபட்டது.

கழற்றினேன்.
தொண்டைக்குழியிலிருந்து மேல்வயிறு வரை
தஞ்சாவூர் ஆஸ்பத்திரி இழுத்த கோடு,
இரு பக்கமும் பூரான் கால்கள்.
மாசிலாமணி ஆற்றைப் பார்த்தான்.
ஆற்றில் பார்க்க ஒன்றுமில்லை.
ஜபருல்லா கிட்டே வந்து குனிந்தான்,
கட்டைவிரலைத் தொடாமல் மேலிருந்து கீழே ஓட்டினான்.
"வெல்டிங் சுத்தமா இருக்குண்ணே.
ஒரு எடத்துலகூட உருண்டு நிக்கல."

தோல் என்றால் பழந்தமிழில் கேடயமும்தான்.
படித்தபோது வெறும் சொல்லாய்ப் படித்தேன்.
கழி வந்தது.
நேரே பிடித்தால் அடி முழுசும் மணிக்கட்டுக்கு;
சாய்த்துப் பிடித்தால் வழுக்கிப் போகிறது.
கல்லில் அவன் சாய்த்துத்தான் பிடித்திருக்கிறான்.
சிற்பியின் கைப்பிழை என்று
நாங்கள் குறித்துவைத்திருந்த இடம் அது.

பதினேழு நிமிடம். தோளில் ஒரு கன்றல்.
நான் விழவில்லை.

கவசம் இப்போது பட்டறை மூலையில்.
ஜபருல்லா அதன்மேல் டீ கிளாஸ் வைக்கிறான்.

தீராதது ஒன்று இருக்கிறது:
காலில் செருப்பு உண்டா?
எட்டுப் பேருக்கும் கணுக்காலுக்குக் கீழே
திருப்பணியில் பூசிய சிமெண்ட்.
நோட்டில் அதற்கென ஒரு பக்கம் காலியாய்க் கிடக்கிறது.

ஒன்பதரை மணி மணல்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
அக்கரை வரைக்கும் நடந்து பார்ப்பதாய் ஏற்பாடு.
பாதியில் மாசிலாமணி ஓடத் தொடங்கினான்.
ஓடிக்கொண்டே கத்தினான்:
"எழுதிக்கங்க டாக்டர், இருந்திருக்கும்!"

அவள் பென்சிலைத் தேடினாள்.