கைப்பு

மரச்சீனியும் சாளைக்கறியும் தின்ற தட்டுகளை
ஊறப் போட்டாயிற்று.
அண்ணன் சபைக் கமிட்டிக்குப் போயிருக்கிறான்,
மதுவிலக்குப் பிரிவுக்கு அவன்தான் செயலாளர்.
ஜெசிந்தா மைனி பெட்டியின் அடியிலிருந்து
நைட்டியில் சுற்றிய குப்பியை எடுத்தாள்.

களியக்காவிளைச் செக்போஸ்டில்
காரை ஓரங்கட்டச் சொன்னவன்
மூடியைத் திருகி மோந்துவிட்டு
"அரிஷ்டமா?" என்றானாம்.
"வயிற்றுக்கு" என்றாளாம் மைனி.
பொய்யில்லை.

டொரினோவில்
ஆறு வருஷம் அவள் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்த கிழவர்
ராச்சாப்பாடு முடிந்ததும் இதில் ஒரு மடக்கு குடிப்பார்.
ஒன்றுக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்னதால்
லேபிளின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து
மேலிருந்து அடிவரை கோடு போட்டிருக்கிறார்,
ராத்திரிக்கு ஒன்று.

அந்தப் பாஷையில் பேரே கசப்புதானாம்.
அமாரோ.
"நம்ம கைப்பு, கேட்டியா" என்றாள்.
பாறசாலை தாண்டினாலும் அது கைப்புதான்;
பள்ளிக்கூடப் புத்தகத்தில் மட்டும் கசப்பு.

இருமல் மருந்தின் அளவு மூடி.
பாதி அவளுக்கு, பாதி எனக்கு.
முதலில் கரிந்த கருப்பட்டி மாதிரி ஓர் இனிப்பு,
ஏமாற்று இனிப்பு.
பிறகு நாரங்காய்த் தொலி.
பிறகு நிலவேம்பைப் போல என்னவோ ஒன்று
நாக்கின் வேரில் ஏறி உட்கார்ந்து
இறங்கமாட்டேன் என்றது.
தொண்டையில் ஒட்டியிருந்த சாளை நெய் கழன்றது.
புகைப்புரையில் தொங்கும் ரப்பர் ஷீட்டின் வாடைகூடக்
கொஞ்சநேரம் வெளியே நின்றது.

இந்த ஆறு வருஷமும்
அண்ணன் போனில் அவளிடம் கேட்டது
பணம் எந்தத் தேதிக்கு வரும் என்பதுதான்.
அதைப் பற்றி ஏதாவது சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
இன்னொரு மடக்கு கேட்டேன்.
"கோடு தாண்டப்பிடாது."

பதினோராவது கோட்டில் கிழவர் போய்விட்டார்.
மகன் குப்பியைக் குப்பைக்குக் கொண்டுபோனபோது
வாசலில் மறித்து வாங்கிக்கொண்டாளாம்.
மிச்சம் ஒன்பது கோடு.
மைனிக்கு லீவு இருபத்தாறு நாள்.

பைக் சத்தம்.
அவள் எதையும் ஒளிக்கவில்லை.
"என்ன ஒரு மணம்?" என்று வந்தான்.
"வாயுவுக்குள்ள கஷாயம்."
"எனக்கும் அதுதானே."
அளவு மூடியை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்கிறான்,
ஷூவைக்கூடக் கழற்றாமல்.

மைனி குப்பியை விளக்குக்கு நேரே தூக்கி
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
கறுப்பு நீர் கோட்டின்மேல் ஆடி நின்றது.
"இன்னைக்குள்ளது முடிஞ்சு" என்றாள்.