மூன்று சென்டிமீட்டர்

கேட்டுக்குக் கேட்ட விலை மூவாயிரத்து இருநூறு வெள்ளி.
மெஷின் தொள்ளாயிரத்து ஐம்பதுதான்.
மீதியைக் கணக்குப் போட்டுச் சிரித்தவள் நான்.
ஆர்கன் சிலிண்டருக்கு முன்பணம் தனி,
ரெகுலேட்டர் தனி, முகமூடி தனி
என்று யாரும் சொல்லவில்லை.
"இது டிசி மட்டும் லா, அலுமினியம் ஒட்டாது"
என்றான் கடைக்கார பூன் லெங்,
பில்லை மடித்துக் கையில் கொடுத்த பிறகு.

போகட்டும், கேட்டு எவர்சில்வர்தானே.

பேராயில் வரிசை வீடு.
கார் நிற்கும் இடம்தான் பட்டறை.
மைவியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு
பிளாஸ்டிக் முக்காலியில் உட்காருகிறேன்.
வலக்கையில் டார்ச், இடக்கையில் கம்பி,
காலடியில் பெடல்.
தையல் மெஷினில் பழகிய கால்
ஜாக்கெட் துணி என்று நினைத்து மிதித்துவிட்டது.
தகட்டின் ஓரத்தில், முதல் நிமிஷத்திலேயே,
ஐந்து காசு அகலத்தில் ஓட்டை.

டங்ஸ்டன் ஊசி குட்டையைத் தொடக்கூடாது.
தொடக்கூடாது, ஆனால் தூரமும் போகக்கூடாது.
நடுவே ஓர் அரிசி மணி கிடக்கிறது
என்று வைத்துக்கொள்ள வேண்டும்.
தொட்டது.
அணைத்தேன், கழற்றினேன், சீவினேன், மாட்டினேன்,
குனிந்தேன்.
தொட்டது.
பென்சில் சீவியே பரீட்சை நேரத்தைத் தின்ற
பிள்ளை மாதிரி
அந்த ஞாயிறு முழுக்க ஊசி சீவினேன்.

நாலு மணிக்குக் கடற்காற்று.
வாயு கலைந்து
அடிபிடித்த பாயசமாய்க் கறுத்துப் பொங்கியது உலோகம்.
பரணிதரன் சிங்க் தகடு ஒன்றைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி
உள்ளே போய்விட்டார், பந்தாட்டம் பார்க்க.
நான் மிதிக்கும்போதெல்லாம்
மின்விசிறி ஒரு நொடி யோசிக்கிறதாம்.
வேலிக்கு மேல் ரோஹானாவின் குரல்:
"மின்னல் உங்க வீட்டுலயா?"
பிள்ளைகள் பார்க்காதிருக்க
தன் பக்கம் கம்பளியைத் தொங்கவிட்டு
ஒரு தட்டு கோரெங் பீசாங்கும் அனுப்பினாள்.
அவள் பிள்ளைகள் தப்பித்தார்கள்.
முகமூடியை ஒரே ஒரு தடவை தாமதமாய் இறக்கிய நான்
இரவெல்லாம் இமைக்குள் மணல் அரைத்தேன்.

திங்கட்கிழமை வேலை.
பத்தொன்பது வருஷமாய் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால்
யார் யாரோ வைத்த இணைப்புகளில்
குறை தேடுவது என் சம்பளம்.
ஒரு குமிழ், ஒரு மயிரிழை விரிசல் போதும்,
சிவப்பு ஸ்டிக்கர்.
வைத்த கைக்குத் தூக்கம் உண்டா, காய்ச்சலா,
நான் கேட்டதே இல்லை.

ஐந்தாவது ஞாயிறு,
எதையோ சரியாகச் செய்தேன், எதை என்று தெரியாது.
குட்டை பாதரசம்போல் உருண்டு நின்றது.
கம்பி நுனியை நீட்டினேன், குடித்தது.
நகர்ந்தேன். துளி. நகர்ந்தேன். துளி.
மூச்சு விட்டேனா என்பது ஞாபகமில்லை.
சுடர் அணைந்த பிறகும் கையை எடுக்காமல்
வாயு ஊதி முடிக்கும்வரை காத்திருந்தேன்,
சூடு பட்ட குழந்தையின் விரலுக்கு ஊதுவதுபோல.
முகமூடியைத் தூக்கினால்
வைக்கோல் நிறம், பொன், அப்புறம் மயில்கழுத்து.
மூன்று சென்டிமீட்டர்.
பின்பக்கத்தைத் திருப்பினேன்,
கருகிய சர்க்கரை.
திரும்பவும் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் விழுந்த ஓட்டையில் வளையம் மாட்டி
சாவிக்கொத்தோடு அதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனேன்.
தேநீர் இடைவேளையில் லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
பத்து மடங்கில் அது மலைத்தொடர்.
மூன்றாவது மேட்டின் சரிவில்
ஊசிமுனைக் குழிகள் இரண்டு. இல்லை, மூன்று.
கை தானாகப் போய்
சிவப்பு ஸ்டிக்கரை உரித்து ஒட்டியது.

"எந்த லாட்டுக்கா இது?"
பக்கத்து மேசை தமயந்தி எட்டிப் பார்த்தாள்.
"என்னுது" என்றேன்.
அவ்வளவு சத்தமாய்ச் சொல்லியிருக்க வேண்டாம்.

கேட்டுக்கு இன்னும் பதினோரு மீட்டர் பாக்கி.
அதுவரை அது
சைக்கிள் சங்கிலியில் கட்டுண்டு நிற்கட்டும்.