என்னிடம் இல்லாததற்கு

பம்ப் சீல் என்னிடம் இருக்கிறது.
ஆர்மேச்சர் சுற்றுவது நானில்லை.
அதற்குக் கொக்குவில் ஞானச்செல்வம்.
"ரயில் கடவை தாண்டி இடக்கைப்பக்கம், நீலக் கேற்"
கல்லாவிலிருந்தே கை நீட்டுவேன்.
நாலு வருசம் நீட்டினேன்.

போன மாசியில்
சாவகச்சேரியிலிருந்து மோட்டரோடு வந்தவர்
பின்னேரம் திரும்பி வந்து
மேசையில் அதை வைத்தார், மெதுவாக.
"பிள்ளை, அங்கை இப்ப பலூன் விக்கினம்."
ஞானச்செல்வம் லண்டன் போய் ஆறு மாதமாம்.
அவர் ஏசவில்லை.
அதுதான் எரிந்தது.

இப்போது ஞாயிறுகளில் ஸ்கூட்டியை எடுத்து
கைகாட்டும் இடமெல்லாம் போய்ப் பார்க்கிறேன்:
கேற் அதே நிறமா,
ஆள் அதே ஆளா,
விலை கேட்டால் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாரா.

மானிப்பாய் வீதிப் புதுக்கடைக்காரர்
அனுப்பும் ஆளுக்கு இருநூறு என்றார்.
வாங்கினேன், பொய்யில்லை.
"காசு தாறார், அதாலை சொல்லுறன்.
நல்லதோ கூடாததோ எனக்குத் தெரியாது"
என்று சொல்லித்தான் அனுப்பினேன்.
இரண்டு கிழமையில் காசு நின்றது.

எதிர்க்கடை ஒருவரையும் எங்கும் அனுப்பாது.
"அது இப்ப வாறேல்லை."
ஒரே வசனம்.
வந்த காலை வெளியே விட்டால் நட்டம் என்று கணக்கு.
வெறும் கடையில் இருந்து
போனில் தன் பெயரைத் தானே தேடுகிறார்,
முன்னுக்கு வருகிறதா என்று.

நேற்று மழைக்குள் ஊர்காவற்றுறை ஆள் ஒருவர்,
நனைந்த துண்டுக் கடதாசியோடு.
ஐந்துசந்தி சலாகுதீனின் கோணல் எழுத்தில் என் கடைப் பெயர்,
அடியில்
"இவவைக் கேளுங்கோ".

கேட்டார்.
அதுவும் என்னிடம் இல்லை.
எழும்பி, குடையை விரித்து,
சந்தி தெரியும்வரை கூடவே நடந்தேன்.