டிராக்டருக்குப் பின்னால்

ஃப்ராய்டன்ஸ்டாட் தாண்டியதும்
காய்ந்த புல் உருளைகளோடு ஒரு டிராக்டர்
எங்களுக்கு முன்னால்.

வருடம் முழுக்கப் பொதி வண்டி ஓட்டுகிறவன் குகதாசன்.
ஒரு கதவுக்கு இரண்டு நிமிடம்,
அதற்குள் படிக்கட்டு, மணி, கையெழுத்து.
இன்று முந்தவில்லை.
யன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு
பறந்து வந்த துரும்புகளைப்
பிடிக்கப் பார்த்துக்கொண்டு வந்தான்.
பதினொரு கிலோமீட்டர்.

பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது.
ஒதுங்கி வழிவிட்டான்.
"பாவம், அவனுக்கு டெலிவரி இருக்கும்."

வளைவில் செர்ரி விற்கும் மேசை. ஆளில்லை,
காசுக்கு ஒரு தகர டப்பா.
ஒரு கிலோ எடுத்துக்கொண்டோம்.
பிறகு வழியெல்லாம் கொட்டை துப்பும் போட்டி;
நான்தான் வென்றேன்,
அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

மரவீட்டைக் கண்டுபிடித்தபோது இரவு ஒன்பதேகால்.
வெயில் இன்னும் ஊசியிலை மரங்களின் உச்சியில்,
இறங்க மனமில்லாமல்.
சாவி சொன்ன இடத்தில் இருந்தது,
பூந்தொட்டிக்கடியில்,
ஒரு நத்தையோடு.

இலக்கமில்லை, பெயரில்லை, மணியுமில்லை.
திறந்துகொண்டு உள்ளே போனேன்.
குகதாசன் வாசலிலேயே நின்றான்,
மிச்சச் செர்ரிப் பையை
இரு கையாலும் நீட்டியபடி.