பெரட்டு

கோல் கம்பத்தில் தொங்கினேன், ஐந்து மாதம்.
ரொஃபிக்குல் எண்ணுவான்: ஏக், துய், தீன்...
எட்டில் கை வழுக்கும்.
"கிராணி வந்துட்டா பெரட்டுக்கு ஓடணும், சீக்கிரம் தொங்கு."

பஹாவ் கிளினிக்கில் சொத்தைப் பல்லை அடைத்தேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரியில்
பிரெஞ்சு படித்தேன், பத்து வரை.
அம்மாவிடம் கப்பல் வேலை என்றேன்.

மார்செய்க்கு அப்பால் ஒரு வாசல்.
பாஸ்போர்ட்டை வாங்கி உறையில் போட்டு
வேறொரு பெயர் தந்தார்கள்.
விடியலில் அதைக் கூப்பிட்டார்கள்.
யாரையோ என்று நின்றேன்.
பக்கத்து நேப்பாளி தோளை இடித்தான்: நீதான்.

பதினேழு நாள்
ஓடினேன், சட்டி கழுவினேன், சுவரைப் பார்த்து நின்றேன்.
பதினெட்டில் என் முழங்கால் படத்தை
வெளிச்சத்தில் பிடித்து
உதட்டைப் பிதுக்கினார் டாக்டர்.
அதே உறை. உள்ளே லோகேந்திரன்,
மடிப்புக் கலையாமல்.

இப்போதும் அந்த லோரிதான்.
டீசல் அடிக்கப் போன காலையில்
ஆபீஸ் முன்னால் வரிசை.
ரொஃபிக்குல் ஓடிவிட்டான், ஜொகூர் பக்கமாம்.
அவன் இடத்தில் மீசை அரும்பாத ஒருவன்.
பெயர் வாய்க்குள் நுழையவில்லை என்று
'ரவி' என்கிறார் கிராணி.
ரவி.
மறுபடி, ரவி.
பையன் செம்பனை உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இறங்கிப் போய்
தோளை இடித்தேன்.