பதினொரு டிகிரி

மின்விசிறியை நிறுத்தியாயிற்று.
மாசி வெயில். கிருஷ்ணகிரிக் கல்லூரி ஆய்வகத்தில்
காற்று அப்பளமாய்க் காய்ந்து கிடக்கிறது.
இன்றைக்கு மின்னேற்றம் தங்கும்.

அம்மாவின் கூறைப்புடவை முந்தியில்
முனிலட்சுமி திருட்டாக உருவிய பட்டிழை,
அதன் நுனியில் மிளகளவு நெட்டிப் பந்து.
தலையில் நாலு இழுப்பு இழுத்த சீப்பைத்
தாங்கியில் பூட்டினாள்.
பந்து ஓடிப்போய்த் தொட்டது,
வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு
விலகி நின்றது.

"மூச்சை அந்தப் பக்கம் விடு."
பாகைமானியில் பதினொன்று.

தேர்வு பார்க்க வந்தவர் குனிந்தார்:
"சும்மாதானே தொங்குது?"
"சும்மா இல்லீங்க சார்.
மூணு பேர் இழுக்குறாங்க."

கணக்கு என் வேலை.
பக்கவாட்டில் தள்ளுவது
எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.
நூலின் இழுவிசையைப் போட்டுப் பார்த்தேன்,
நம்பாமல் மறுபடியும் போட்டேன்:
நேராகத் தொங்கவிடுவதைவிட
இப்படி விலக்கித் தாங்க
நூற்றுக்கு இரண்டுகூட அதிகமில்லை.
இவ்வளவுதானா?

சொல்ல நிமிர்ந்தால் மணி நாலே முக்கால்.
ஓசூர் கம்பெனி வேன் யாருக்கும் நிற்காது.
அங்கே மணிக்கட்டில் பட்டை கட்டி
உடம்பில் சேர்வதையெல்லாம்
மண்ணுக்கு இறக்கிவிடுவார்களாம்,
இல்லையென்றால் சில்லுகள் பொசுங்கிவிடுமாம்.

தாங்கியைத் திருகிச் சீப்பை எடுத்தாள்.
படபடவென்று வாரிக்கொண்டே ஓடினாள்.

பந்து ஆடி ஆடி
சுழியத்துக்கு வந்தது.
சுவரோரம் பூமிக்குள் இறங்கும் செம்புக் கம்பியை
அன்றுதான் பார்த்தேன்.

நோட்டில் பதினொன்று என்று எழுதினேன்,
பேனாவால்.